தேவசகாயத்தின் இரண்டாவது ஃபோன்

தேவசகாயம் உட்கார்ந்து டீ குடித்ததைத் திண்டிவனத்தில் யாரும் பார்த்ததில்லை. பைக்கில் ஒரு கால், தரையில் ஒரு கால், கையில் கிளாஸ், காதில் ஃபோன். பதினெட்டு வருஷமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த ஆள் என்று அவன் மனைவி கவிதா சொல்வாள். பாதி பிறவிக்குணம், மீதி தொழிலால் வந்தது. ஓமந்தூர் ரோட்டை ஒட்டிய ஆறு தெருக்களுக்கு அவன்தான் கேபிள்காரன். தூறல் போட்டால் படம் போகும். குரங்கு தாவினால் போகும். மல்லாட்டைக் கடலை மூட்டையை வானம் முட்ட ஏற்றிக்கொண்டு வரும் லாரி, வயரையும் சேர்த்து மார்க்கெட் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விடும். உடனே ஃபோன் அடிக்கும். வீட்டில் ஒரு சாவு விழுந்தால்கூட அத்தனை அவசரமாக யாரும் யாருக்கும் ஃபோன் அடிக்க மாட்டார்கள்.

இது சட்டைப் பையில் இருக்கும் ஃபோன். பேண்ட் பையில் இன்னொன்று உண்டு. அந்த நம்பர் இரண்டே இடத்துக்குத்தான் தெரியும். ஒன்று கவிதா. இன்னொன்று, மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களின் பட்டியலை வைத்திருக்கும் சென்னை அலுவலகம். கவிதாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் நாலு வருஷம் ஆகிறது. அவள் தங்கை பொன்னி கொடுக்க முன்வந்தாள், பொருந்தவில்லை. தேவசகாயத்துக்குச் சர்க்கரை, அவனையும் வேண்டாம் என்று விட்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் விழுப்புரத்தில் டயாலிசிஸ். மற்ற நாளெல்லாம் அந்த ஃபோனுக்காகக் காத்திருப்பது.

எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள், எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று யாரோ சொன்னதிலிருந்து, அவன் அந்த ஃபோனைக் கக்கூஸுக்குக் கூட எடுத்துக்கொண்டு போகிறான். மாதா கோயிலில் பூசை நடுவிலும் கை பேண்ட் பையைத் தடவிக்கொண்டிருக்கும். அது அடிக்காமல் இல்லை. எந்தப் புண்ணியவான் கொடுத்தானோ, லோன் கம்பெனிக்காரர்களுக்கும் அந்த நம்பர் கிடைத்துவிட்டது. வாரத்துக்கு நாலு தடவை அடிக்கும். நாலு தடவையும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எடுப்பான். கம்பத்தின் உச்சியில் நின்றுகொண்டு, "லோன் வேணாம்மா, தாயே, வேணாம்" என்று அவன் கும்பிட்டதைத் தெருவே பார்த்துச் சிரித்திருக்கிறது.

அவன் எந்த நாடகத்தையும் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஆனால் எல்லா நாடகத்தின் கதையும் தெரியும். வீடு வீடாக நடக்கிறவனுக்கு ஒரு வீட்டில் பாதி வசனம், அடுத்த வீட்டில் மீதி வசனம் காதில் விழுந்துவிடும். ஊரில் யாரும் சீரியல் என்று சொல்வதில்லை. நாடகம்தான். அதற்குப் பெயரும் கிடையாது, மணிதான். ஆறரை மணி நாடகம், ஏழரை மணி நாடகம்.

நாடகத்தில் ஒரு டாக்டர் மயக்க ஊசி போட்டு ஆளின் கிட்னியை எடுத்தான் என்றால், அடுத்த நாள் காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற கவிதாவை இரண்டு பேராவது மடக்குவார்கள். "ஏம்மா, அங்கல்லாம் படுத்துக்கினு தூங்கிடாத. இருக்கறதையும் எடுத்துடுவானுங்க."

"எடுத்துக்கினு போவட்டும்க்கா. எதுவும் வேலைக்காவாதது தானே" என்று கவிதா நடந்துகொண்டே பதில் சொல்வாள்.

அதே ஜனம்தான், போன வருஷம் செய்தியில் எங்கோ ஒரு ஊரில் உறுப்புகளைக் கொடுத்த பையனின் உடலுக்கு அதிகாரிகள் மாலை வைத்து, போலீஸ்காரர்கள் விறைப்பாக நின்று மரியாதை செய்ததைப் பார்த்து மூக்கைச் சிந்தியது. "சாவுன்னா இப்பிடிச் சாவணும்பா" என்றார் டீக்கடையில் ஒருத்தர். நாலு பேர் தேவசகாயத்தையே பிடித்துக்கொண்டு, உறுப்பு தானத்துக்கு எங்கே எழுதிக் கொடுக்கணும் என்று கேட்டார்கள். அவன் ஃபாரம் வாங்கிக்கொண்டு வருவதற்குள் ஏழரை மணி நாடகத்தில் வில்லன் ஒரு டாக்டரோடு கைகோத்துவிட்டான். நாலு பேரும் அவன் பைக்கைப் பார்த்ததும் சந்துக்குள் நுழைந்தார்கள். தேவசகாயத்துக்கு எரிச்சலாக வந்தது. யார் மேல் எரிவது? மரியாதை செய்ததும் அவன் வயரில்தான் போனது, கிட்னி திருடியதும் அவன் வயரில்தான் போனது.

இந்த நிலைமையில்தான், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பொன்னியின் புருஷன் புகழேந்தி விக்கிரவாண்டி கிட்டே பைக்கிலிருந்து விழுந்தான்.

புகழேந்தி மினி லாரி ஓட்டுகிறவன். முப்பத்தெட்டு வயது. தேவசகாயம் கம்பத்தில் மாட்டிக்கொண்ட நாட்களில் கவிதாவை விழுப்புரத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்து விடுவது அவன்தான். லாரியின் முன் சீட்டில் தலையணை போட்டு, மேட்டில் மெதுவாக ஏற்றி இறக்குவான். "அண்ணே, எங்கிட்ட ரெண்டு கீது. ஒண்ணு அண்ணிக்குக் கழட்டிக் குடுத்துட்டு நான் ஒண்ணுலயே வண்டி ஓட்டறேன்" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான். விளையாட்டாகச் சொன்னதுதான். அவன் அம்மா வெள்ளையம்மாள் குழம்புக் கரண்டியை அவன் மேல் வீசினாள். அவன் குனிந்துகொண்டதால் அது தேவசகாயத்தின் முழங்கையில் பட்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

குறுக்கே நாய் வந்ததாம். ஹெல்மெட் தலையில் இல்லை, பைக் கண்ணாடியில் மாட்டியிருந்ததாம். விழுப்புரத்தில் கவிதா போகிற அதே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். கீழ் மாடியில் டயாலிசிஸ், மேல் மாடியில் தீவிர சிகிச்சை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டாக்டர் தேவசகாயத்தை ஓரமாகக் கூப்பிட்டு, மூளை முழுக்கச் செயலிழந்துவிட்டது போலத் தெரிகிறது என்றார். உறுதி செய்ய இரண்டு முறை பரிசோதிப்பார்கள். ஒன்று திங்கட்கிழமை, இன்னொன்று செவ்வாய் காலை. இரண்டிலும் அதே முடிவு வந்தால், ஆள் இறந்துவிட்டார் என்றுதான் அர்த்தம். மெஷின்தான் மூச்சு விடுகிறது. இதயமும் அதிக நாள் தாங்காது.

ஆஸ்பத்திரியில் உறுப்பு தானத்துக்கு ஒருங்கிணைப்பாளராக இருப்பவள் அஸ்வினி. அந்தப் பக்கத்துப் பெண்தான். கவிதாவை நாலு வருஷமாகத் தெரியும். திங்கட்கிழமை முதல் பரிசோதனை முடிந்ததும் பொன்னியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். சம்மதித்தால் நாலைந்து பேர் பிழைப்பார்கள், முடியாது என்றாலும் யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள் என்றாள். பொன்னி தாலியை எடுத்து அவன் கண்ணில் ஒற்றியாயிற்று, குங்குமம் வைத்தாயிற்று, காதோடு வாய் வைத்து மூன்று நாளாக "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டாயிற்று. அவளுக்கு அழக் கூடத் தெம்பில்லை.

"எங்க அத்தை சொல்லட்டும். அவங்க பெத்த புள்ள. நான் இன்னாத்த சொல்றது?" என்றாள்.

அத்தையோ திண்டிவனத்தில் பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மகன் விழுந்த சேதி கேட்டும் அவள் புறப்படவில்லை. ஆஸ்பத்திரி வாசப்படியை மிதிக்கமாட்டேன் என்பது அவளுடைய பழைய வைராக்கியம். புகழேந்திக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள், இரண்டு தடவையும் வெறுங்கையோடு திரும்பினாள். நான் போனால் போய்விடுவான், போகாமல் இருந்தால் இருப்பான் என்பது அவள் கணக்கு.

அவள் கணக்குக்கு ஒத்து ஊதிக்கொண்டிருந்தது ஏழரை மணி நாடகம். அதில் கதாநாயகன் தலையில் அடிபட்டு எட்டு நாளாகக் கிடந்தான். டாக்டர்கள் மூளைச்சாவு என்று சொல்லிவிட்டார்கள். வில்லன் வெளியே பெட்டியோடு நிற்கிறான். பொண்டாட்டி மட்டும் விடவில்லை. திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று ஞாயிறு முழுக்கப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை காட்டினார்கள். வெள்ளைப் போர்வைக்கு வெளியே ஒரு கை. ஒரு விரல். அந்த விரல் லேசாக அசைகிறது.

"பாத்தியாப்பா? எட்டு நாள் கெடந்தவனே எழுந்துக்கறான். எம்புள்ளைக்கு மூணு நாள்தான் ஆவுது" என்று திங்கட்கிழமை சாயங்காலம் வெள்ளையம்மாள் தேவசகாயத்திடம் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "இன்னிக்கு நாடகத்தப் பாத்துட்டு, நாளைக்கு டாக்டருங்களுக்குப் பதில் சொல்றேன்."

"அது நாடகம்மா" என்று சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. அவன் எப்படிச் சொல்வான்? வேறு எவன் சொன்னாலும் நியாயம். தேவசகாயம் சொன்னால், பொண்டாட்டிக்குக் கிட்னி தேடுகிறவன் பேசுகிற பேச்சு. கவிதா ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டாள். "யோவ், நீ வாயத் தொறக்காத. நம்ம வாயிலேர்ந்து அந்தப் பேச்சு வரவே கூடாது. எந்தங்கச்சி மூஞ்சில நான் முழிக்கணும்."

பட்டியல் வரிசைப்படிதான் போகும், சொந்தக்காரன் என்பதற்காக யாருக்கும் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள் என்பது அவனுக்கு மனப்பாடம். ஆனாலும் மனசு சும்மா இருக்கிறதா? வரிசையில் கவிதாவின் முறை வந்திருந்தால்? ரத்த வகை ஒத்துப்போனால்? இப்படி நினைத்ததற்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை. ஏழேகால் மணிக்கு அவன் தெருவை மூன்றாவது சுற்று சுற்றிக்கொண்டிருந்தான்.

ஏழு இருபத்தைந்துக்கு டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துக் கம்பத்தில் ஏறினான். வெள்ளையம்மாள் வீட்டுத் தெருவுக்குப் படம் போகும் பெட்டி அதில்தான் இருக்கிறது. சந்தா கொடுக்காதவன், ஏசியவன், தன் கல்யாணத்துக்கு வராதவன் என்று எவன் வீட்டுக்கும் அவன் நாடக நேரத்தில் வயரைப் பிடுங்கியதில்லை. அது அவன் தொழில் தர்மம். அன்றைக்குப் பெட்டியைத் திறந்து, கரண்ட் பிளக்கைப் பிடுங்கி, கையில் வைத்துக்கொண்டு கம்பத்திலேயே நின்றான். எங்கேயோ முகம் தெரியாமல் காத்துக்கிடக்கிற நாலு பேருக்காகச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டான். பொன்னி இழுபடாமல் இருக்கச் செய்கிறேன் என்றும் சொல்லிக்கொண்டான். மூன்றாவது காரணத்தைச் சொல்லிக்கொள்ளவில்லை. அது பேண்ட் பையில் கனத்தது.

சட்டைப் பை ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. தெருவே வெளியே வந்து நின்றது. "இன்னாய்யா பேஜாரு இது, விரல் ஆட்ற நேரத்துல!" என்று ஒரு குரல் கேட்டது. அவன் எடுக்கவில்லை. எட்டு மணி அடித்து நாடகம் முடிந்த பிறகுதான் பிளக்கைச் செருகிவிட்டு இறங்கினான்.

இத்தனை செய்தவனுக்கு வெள்ளையம்மாளின் தங்கை ஒருத்தி வளவனூரில் இருப்பது ஞாபகம் வரவில்லை. அவள் ஃபோனில் அக்காளுக்கு அரை மணி நேரத்தையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். நாடகத்தில் அந்த ஆள் ஒரு விரலைத்தான் அசைத்தான். வளவனூர்க்காரி சொன்னதில் எழுந்து உட்கார்ந்து, தண்ணி கேட்டு, வில்லனை ஒரு முறை முறைத்தான்.

தேவசகாயம் போய் நின்றபோது வெள்ளையம்மாள் வாசலிலேயே இருந்தாள்.

"ஃபேன் ஓடுது. லைட்டு எரியுது. உம்பொட்டி மட்டும் எப்பிடிப்பா செத்துச்சு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பொய் சொல்லியிருக்கலாம். பதினெட்டு வருஷமாக எத்தனையோ பேரிடம் ஃபைபர் கட், மழைத் தண்ணி, எலி கடித்துவிட்டது என்று வாய் கூசாமல் சொன்னவன்தான். அன்றைக்கு ஒரு பொய்யும் ஒத்தாசைக்கு வரவில்லை.

அவள் திட்டவில்லை. அதுதான் அவனை இன்னும் வதைத்தது. "நாளைக்கு உம்பொண்டாட்டிக்கு ஆஸ்பத்திரி நாளு தானே?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"நானும் வர்றேன். பொன்னி என்னங்க என்னங்கன்னு கூப்ட்டுக்கினு கீறாளாமே. அது அவன் பேரா? எல்லாப் பொம்பளைங்களும் எல்லா ஆம்பளைங்களையும் கூப்புட்றதுதான் அது. அவனுக்கு வெச்ச பேரச் சொல்லி நான் கூப்டணும். கூப்ட்டா வருவான்."

வெளியுலகத்துக்குத்தான் அவன் புகழேந்தி. அவள் அவனை மண்ணாங்கட்டி என்றுதான் கூப்பிடுவாள். முன்னால் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போனதால், மூன்றாவது பிறந்த அன்றே குப்பைமேட்டில் கிடத்திப் புரட்டி, பக்கத்து வீட்டுக்காரியை எடுக்கச் சொல்லி, அவளிடமிருந்து ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டாள். மண்ணாங்கட்டி என்று பேர் வைத்தாள். தவிட்டுக்கு வாங்கின பிள்ளை, பேரும் மண்ணாங்கட்டி, இதை எந்த எமன் ஏறெடுத்துப் பார்ப்பான்? பார்க்கவில்லை. முப்பத்தெட்டு வருஷம் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார்தான் புகழேந்தி என்று எழுதினார்.

செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று பேரும் விழுப்புரம் பஸ்ஸில் ஏறினார்கள். பெண்கள் இருவரும் ஒரு சீட்டில். தேவசகாயம் இடம் இருந்தும் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் தலைக்கு மேலே நின்றான். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் வரிசையில் நின்றபோது வெள்ளையம்மாள் ஜன்னல் வழியாக ரோட்டையே பார்த்தாள். மகன் விழுந்த இடம் எது என்று கேட்பாளோ என்று தேவசகாயம் பயந்தான். அவள் கவிதாவின் இடது கையைத் தொட்டுப் பார்த்தாள். ஊசி போட்டுப் போட்டு நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது.

"வலிக்குமாடி?"

"குத்தும்போது வலிக்கும் அத்தை. அப்புறம் பழகிடும்."

"எத்தினி நாளைக்கு இப்பிடி?"

கவிதா நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்று அந்தப் பார்வை சொன்னது.

ஆஸ்பத்திரி வாசப்படியில் வெள்ளையம்மாள் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்று வரப்பைத் தாண்டுவது போல அதைத் தாண்டினாள். கவிதா கீழ் மாடியில் படுக்கைக்குப் போனாள். மற்ற இருவரையும் அஸ்வினி மேலே கூட்டிப் போனாள். இரண்டாவது பரிசோதனை தொடங்க இருந்தது. பெற்றவள் பார்க்க வேண்டும் என்றால் பார்க்கட்டும் என்று பெரிய டாக்டர் அனுமதித்தார்.

"இப்ப மெஷினைக் கழட்டிட்டுப் பாப்போம்மா. ஆக்ஸிஜன் மட்டும் குழாய்ல போய்க்கினே இருக்கும். அவராவே மூச்சு இழுக்கறாரான்னு பாக்கணும். கொஞ்ச நேரம் ஆவும்" என்றாள் அஸ்வினி.

"நான் கூப்டலாமா?"

"கூப்பிடுங்கம்மா."

மெஷின் நின்றது. அந்தச் சத்தம் நின்றதும் அறை பெரிதாகிவிட்டது போல இருந்தது. பொன்னி சுவரோரமாக வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள். வெள்ளையம்மாள் மகனின் தலைமாட்டில் குனிந்தாள்.

"மண்ணாங்கட்டி!"

வயலுக்கு அக்கரையில் இருப்பவனைக் கூப்பிடுகிற குரல். நர்ஸ் ஒருத்தி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

தேவசகாயம் கண்ணை மூடிக்கொண்டான். எழுந்துவிடு தம்பி என்றுதான் வேண்டிக்கொள்ள நினைத்தான். மாதாவே சத்தியமாக அப்படித்தான் நினைத்தான். ஆனால் அவள் மறுபடி கூப்பிட்டபோது, எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, எழுந்துவிடப் போகிறானே என்று ஒரு பயம் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. ஒரு கணம்தான். லாரி முன் சீட்டில் கவிதாவுக்குத் தலையணை போட்டவனைப் பற்றி அப்படி நினைத்துவிட்டான்.

மூன்றாவது தடவை அவள் கூப்பிட்டது கிட்டத்தட்டக் காதில் விழவே இல்லை.

அப்புறம் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு மகனின் வயிற்றையே பார்த்தாள். அவளுக்கு இது தெரிந்த வேலை. முதல் பிள்ளைக்கும் இரண்டாவது பிள்ளைக்கும் இப்படித்தான் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் மானிட்டரைப் பார்த்தார், அஸ்வினி கடிகாரத்தைப் பார்த்தாள், வெள்ளையம்மாள் மகனின் வயிற்றை மட்டும் பார்த்தாள். அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடைசியில் டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்கு முன்பே நிமிர்ந்துவிட்டாள்.

"கூப்ட்டேன். அவன் இல்ல" என்றாள்.

பொன்னி ஓடிவந்து அவள் தோளில் விழுந்தாள். பிறகு வெள்ளையம்மாள் மருமகளின் முகத்தைத் துடைத்துவிட்டு, "குடுத்துடும்மா. கரண்டி வீசுனனே அன்னிக்கு, அப்ப அவன் வாயாலயே சொன்னான். கையெழுத்துப் போடு" என்றாள்.

தேவசகாயத்தின் பக்கம் திரும்பினாள். "உம்பொண்டாட்டிக்குக் கெடைக்குமா?"

"தெரியாதும்மா. வரிசைல யாரோ அவங்களுக்குத்தான்."

"யாரோவா." அவள் தலையாட்டினாள். "அப்ப எதுக்குடா வயரப் புடுங்குன?"

அவன் கை பேண்ட் பையைத் தொட்டுவிட்டு விலகியது.

அஸ்வினி தாளோடு வந்தாள். பொன்னி கையெழுத்துப் போட்டாள். வெள்ளையம்மாள் அஸ்வினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருக்கு வெக்கறீங்களோ, அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லணும்மா."

"அம்மா, யாரு குடுத்தது, யாருக்குப் போச்சுன்னு நாங்க சொல்லக் கூடாதும்மா. அவரு பேரச் சொல்ல முடியாது."

"புகழேந்தின்னு சொல்லாத. அது வாத்தியார் வெச்ச பேரு. எம்புள்ளையோடது எது உங்க ஒடம்புல கீதோ, அத மண்ணாங்கட்டின்னு கூப்ட்டுக்கோங்கன்னு மட்டும் சொல்லு. எமன் கிட்ட வரமாட்டான். முப்பத்தெட்டு வருசம் வரல."

இத்தனை வருஷ வேலையில் எத்தனையோ குடும்பங்களோடு பேசியவள் அஸ்வினி. அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சாயங்காலமே பட்டியல்படி எல்லாம் போய்விட்டது. தேவசகாயத்தின் இரண்டாவது ஃபோன் அடிக்கவில்லை. மறுநாள் தெருவுக்கு அதிகாரிகள் வந்தார்கள், மலர்வளையம் வைத்தார்கள், போலீஸ்காரர்கள் விறைப்பாக நின்றார்கள். செய்திக்காரர்கள் படம் எடுத்தார்கள். அன்று ராத்திரிச் செய்தியில் தெரு முழுக்கத் தன் தன் முகத்தைத் தேடியது. அந்த வாரம் பதினோரு பேர் தேவசகாயத்திடம் ஃபாரம் கேட்டார்கள். அடுத்த வாரம் நாடகத்தில் வில்லனோடு சேர்ந்த டாக்டர் ஜெயிலிலிருந்து வந்துவிட்டான். ஏழு பேர் மனசு மாறிவிட்டார்கள். நாலு பேர் மாறவில்லை. அதில் ஒருத்தி, விரல் ஆடுகிற நேரத்தில் பேஜாரு என்று கத்தியவள்.

பேச்சு வராமல் இருக்குமா? கேபிள்காரன் பொண்டாட்டிக்காக சகலையை முடித்துவிட்டான் என்று டீக்கடையில் ஒருவன் சொன்னது அவன் காதுக்கே வந்தது. கவிதா அடுத்த வெள்ளிக்கிழமையும், அதற்கடுத்த செவ்வாயும், புடைத்த கையோடு தெரு நடுவில் நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். அதைப் பார்த்துத்தான் பேச்சு அடங்கியது. பொண்டாட்டி குணமாகாததுதான் அவனுக்குச் சாட்சி சொன்னது. அதில் தனக்கு ஒரு நிம்மதி வந்ததை நினைத்து அவன் தன்னையே காறித் துப்பிக்கொண்டான்.

ஒரு மாதம் கழித்து வெள்ளையம்மாள் வீட்டு செட்டாப் பாக்ஸ் மக்கர் செய்தது. அவன் போய் வயரை மாற்றிக் கொடுத்தான். நாடகத்தில் அந்தக் கதாநாயகன் இப்போது ஓடியாடிச் சண்டை போடுகிறான். அவள் சத்தத்தைக் குறைத்தாள்.

"உக்காருப்பா."

அவன் உட்காரவில்லை. அவள் அதிகாரமாக மறுபடி சொன்னதும் உட்கார்ந்தான்.

"அன்னிக்கு நான் கூப்ட்டப்ப நீ கண்ண மூடிக்கினு இருந்தியே. இன்னா வேண்டிக்கினு இருந்த?"

பாதிரியாரிடம் கூடச் சொல்லாததை அவன் சொன்னான். தரையைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் மறைக்காமல் சொன்னான். எழுந்து போய்விடச் சொல்வாள் என்று நினைத்தான்.

அவள் டிவியில் ஓடுகிறவனைப் பார்த்தாள். "மூணாவது தடவ நானும் மெதுவாத்தான் கூப்ட்டேன்" என்றாள். "ரெண்டு நாளா மூச்சு இல்லாத புள்ள. பாதியா எழுந்து வந்துட்டான்னா, எங்காலத்துக்கு அப்புறம் யாரு பாப்பான்னு ஒரு பயம் வந்துடுச்சு. பெத்தவளுக்கே வந்துச்சுப்பா. நீ இன்னா பண்ணுவ?"

அப்போது பேண்ட் பையில் ஃபோன் அடித்தது. தெரியாத நம்பர். அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான். இந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு எடுக்கக் கை வரவில்லை. அணைக்கப் போனான்.

"எடுடா" என்றாள். "எங்கியோ எவளோ ஒருத்தி கூப்ட்டுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பா. அவள நிக்க வெக்காத. எடு."

எடுத்தான். ஒரு பெண் குரல் கேட்டது. அவன் இரண்டு தடவை "வேணாம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

"யாரு?"

"லோனும்மா."

"சரி, பரவால்ல" என்றாள் வெள்ளையம்மாள். "அணைச்சு மட்டும் வெக்காத."